அலெமன்னியக் கவிஞர் யோகான் பீட்டர் ஹெபல்

ஜெர்மன் மொழி என ஒரே பெயரால் வழங்கப்படுவது பல வட்டார வழக்குகளின் தொகுதியாகும். வடக்கே கடலோரச் சமவெளியில் தாழ்ஜெர்மன், நடுப்பகுதியில் பிராங்கிய வழக்குகள், தென்கிழக்கில் பவேரியம், தென்மேற்கில் அலெமன்னியம் என அவை விரியும். உழவர் பேச்சென ஒதுக்கப்பட்டிருந்த அலெமன்னியத்தைக் கவிதை அரங்கில் ஏற்றியவர் ஹெபல்.

இவர் 1760 மே 10ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பிறந்தார். தாய் ஊர்சுலா, அருகிலுள்ள வீசெ ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஹவுசன் சிற்றூரைச் சேர்ந்தவர். பெற்றோர் இருவரும் பாசலில் ஒரு செல்வர் குடும்பத்தில் பணிபுரிந்தோர். தந்தை மறுஆண்டே காலமானார். அதன்பின் கோடையில் பாசல், குளிர்காலத்தில் ஹவுசன் எனத் தாயும் மகனும் வாழ்ந்தனர். 1773 அக்டோபரில் பாசலில் நோயுற்ற தாயை வண்டியில் ஊருக்கு அழைத்துச் செல்லும் வழியில், பிரோம்பாக், ஸ்டைனன் என்னும் ஊர்களுக்கிடையே, மகனின் கண்ணெதிரே அவர் உயிர் பிரிந்தது. மகனுக்கு அப்போது 13 வயது.

பிறர் ஆதரவால் கார்ல்ஸ்ரூயிலும் எர்லாங்கனிலும் பயின்று, லோராக் நகரில் சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்தபின், 1791இல் ஹெபல் கார்ல்ஸ்ரூ பள்ளிக்கு அழைக்கப்பெற்றார். அந்நகர் பேசுவது பிராங்கிய வழக்கு. தாயின் மொழி தெற்கே தங்கிவிட்டது. சிற்றூர்த் தேவாலயம் ஒன்றில் போதகராக வேண்டும் என்பதே அவர் விரும்பியது. கிடைத்தவையோ பதவி உயர்வுகள்! 1808இல் பள்ளித் தலைமை, 1819இல் பாடன் நாட்டுத் திருச்சபையின் உயர்பதவி. ஒவ்வொரு சிறப்பும் அவரை ஊரிலிருந்து மேலும் விலக்கியது.

அந்த ஏக்கத்திலேயே, 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில், அலெமன்னியக் கவிதைகள் பிறந்தன. எழுத்து மரபு இல்லாத பேச்சுக்கு எழுத்துக்கூட்டும் முறையை அவரே வகுக்க வேண்டியிருந்தது. பொதுமொழியில் 'ஹவுஸ்' எனப்படும் வீடு இவ்வழக்கில் 'ஹூஸ்'. காலத்தைக் குறிக்கும் 'ட்ஸைட்' இங்கே 'ட்ஸீட்'. திரிபெனக் கருதப்பட்ட இவை உண்மையில் பொதுமொழி இழந்துவிட்ட பழைய நெடில்கள். 32 கவிதைகள் கொண்ட நூல் 1803இல் ஆசிரியர் பெயரை வெளிப்படுத்தாமலே வெளிவந்தது. முன்னுரையில் அவ்வழக்கின் எல்லையையும் அவர் வரைந்து காட்டினார்: ரைன் ஆற்று வளைவில் பிரிக்டாலுக்கும் சுண்ட்காவுக்கும் இடைப்பட்ட நிலம் அதன் நடு, அங்கிருந்து பல மாறுதல்களுடன் வோஜ், ஆல்ப்ஸ் மலைகள் வரையிலும், கருங்காட்டைக் கடந்து சுவேபியாவின் பெரும்பகுதியிலும் அது வழங்கிற்று. அரசுகளின் எல்லைகளை அவர் பொருட்படுத்தவில்லை. 1805இல் கேதே எழுதிய பாராட்டு மதிப்புரை நூலின் புகழைப் பரப்பியது.

வீசெ ஆற்றை மலையில் பிறந்து ரைனை மணக்கும் மங்கையாக அவர் பாடியது இன்பமான கவிதை. ஆயினும் நிலையாமை பற்றிய கவிதையே தலையாயது. இரவில் மாட்டுவண்டியில் செல்லும் தந்தையும் மகனும், பாழடைந்த ரோட்டலன் கோட்டையைக் கண்டு, பாசல் நகரமும் ஒருநாள் அழியும் எனப் பேசிக்கொள்கின்றனர். அக்கவிதை நிகழும் சாலை, ஸ்டைனனுக்கும் பிரோம்பாக்குக்கும் இடைப்பட்ட அதே சாலை.

பின்னாளில் பஞ்சாங்கத்திற்காகப் பொதுமொழியில் அவர் எழுதிய சிறுகதைகள் 1811இல் நூலாயின. பலர் அவரை அறிவது அவற்றாலேயே. தேர்வுப் பணிக்காகப் பயணம் சென்றபோது நோயுற்று, 1826 செப்டம்பர் 22ஆம் நாள் சுவெட்சிங்கனில் மறைந்தார். அலெமன்னியம் வழங்காத அவ்வூரிலேயே அவர் அடக்கம் செய்யப்பெற்றார்.