தையல் மிஷினில் உருவான ஸ்லிப் கேஜ்

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்)

மெட்ராலஜி லேபில் அந்த மரப்பெட்டியைத் திறக்கும்போது நமக்கு முதலில் கிடைப்பது எச்சரிக்கைதான். வெறுங்கை வைக்காதே, மெல்லிய தோலால் பிடி, மேலே மூச்சு படாமல் பார்த்துக்கொள்! இரும்புத் துண்டுக்கு இத்தனை மரியாதையா என்று முதல் நாள் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கே ஒரு துண்டைக் கையால் எடுத்து, சட்டையில் துடைத்து, எல்லார் முன்னாலும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ராத்திரி வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா ஒரு கேள்வி கேட்டார். அவர் கொத்தனார். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் மூலமட்டத்தையும் தூக்குக்குண்டையும் வைத்துக்கொண்டு அவர் எழுப்பிய சுவரில் யாரும் குறை சொன்னதில்லை. சுவரை டேப் வைத்து அளக்கிறோம், அந்த டேப் சரியா என்று எதை வைத்துப் பார்ப்பார்கள் என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தேடிப் போனதில் கிடைத்தவர்தான் கார்ல் எட்வர்ட் ஜோஹான்சன். நம் பாடப்புத்தகத்தில் இவர் பெயர் ஒரு வரியில் வந்து போய்விடும்.

இவர் 1864-ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டில் கோட்லுண்டா என்ற கிராமப்புறத்தில் பிறந்தார். 18 வயதில், அதாவது இப்போது என் வயதில், அண்ணன் தம்பியாகப் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். மினசோட்டாவில் மரம் அறுக்கும் மில்லில் வேலை. அங்கேயே ஒரு கல்லூரியில் கொஞ்ச காலம் படிப்பு. பிறகு ஊர் திரும்பி, எஸ்கில்ஸ்டுனா நகரில் பட்டறை வேலை கற்றுக்கொண்டு, மாலை வகுப்பில் படித்து, அங்கிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலையில் சேர்ந்தார். பெரிய பட்டம் எதுவும் கையில் இல்லை.

துப்பாக்கித் தொழிற்சாலையில் என்ன பிரச்சினை என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு துப்பாக்கியின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் அப்படியே உட்கார வேண்டும். நாம் படிக்கிற இன்டர்சேஞ்சபிலிட்டி இதுதான். அதற்காக ஒவ்வொரு அளவுக்கும் தனியாக ஒரு எஃகுக் கட்டை செய்து வைத்துச் சரிபார்ப்பார்கள். மாடல் மாறினால் பழைய கட்டைகள் அலமாரிக்குப் போகும், எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். 1890-களில் ஸ்வீடன் ஜெர்மனியின் மௌசர் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது. அது சம்பந்தமாக ஓபர்ன்டார்ஃப் நகரிலிருந்த மௌசர் தொழிற்சாலைக்குப் போன குழுவில் ஜோஹான்சனும் இருந்தார். அங்கேயும் இதே கதை, கட்டைகள் குவிந்து கிடந்தன. இதையெல்லாம் எஸ்கில்ஸ்டுனாவிலும் செய்து தீர வேண்டுமே என்ற கவலையோடு ரயிலில் ஊர் திரும்பும்போதுதான் அவருக்கு அந்த யோசனை பிறந்தது. வருஷம் 1896.

ஒரு அளவுக்கு ஒரு கட்டை எதற்கு? சில கட்டைகளை அடுக்கியே எந்த அளவையும் உண்டாக்கலாமே! கடைக்காரர் நாலைந்து படிக்கற்களை மாற்றி மாற்றி வைத்து எந்த எடையையும் நிறுப்பதில்லையா, அந்த மாதிரி. ஆனால் கணக்கு அவ்வளவு சுலபமில்லை. அவர் போட்ட பட்டியலைப் பாருங்கள். 1.01 முதல் 1.49 மி.மீ. வரை 0.01 இடைவெளியில் 49 கட்டைகள். 0.5 முதல் 24.5 வரை அரை மி.மீ. இடைவெளியில் இன்னொரு 49. அப்புறம் 25, 50, 75, 100 என்று நான்கு. மொத்தம் 102. இதை வைத்து 1 மி.மீ.-லிருந்து 201 மி.மீ. வரை 0.01 இடைவெளியில் சுமார் 20,000 அளவுகள் கிடைக்கும்! 58.37 வேண்டுமா? கடைசி இலக்கத்திலிருந்து பிடியுங்கள்: 1.37, 7, 50. முடிந்தது. வைவாவில் நம்மைப் படுத்துகிற கணக்கு அந்த ரயில் பெட்டியில் தொடங்கியதுதான்.

காகிதத்தில் கணக்கு வந்துவிட்டது, கட்டையில் வர வேண்டுமே. மூன்று கட்டை சேர்ந்தால் மூன்றின் தவறும் சேரும். நடுவில் தூசியோ காற்றோ இருந்தாலும் அளவு போச்சு. எனவே ஒவ்வொன்றும் மைக்ரான் கணக்கில் சரியாக இருக்க வேண்டும், முகம் கண்ணாடி போல் தட்டையாக வேண்டும். இதற்கு அவரிடம் பெரிய மெஷின் கிடையாது. வீட்டில் மனைவியின் சிங்கர் தையல் மிஷின் இருந்தது. அதையே மாற்றி அமைத்து, தொழிற்சாலையில் ஓரளவு செய்து எடுத்து வந்த கட்டைகளை வீட்டில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தார். (அந்த அம்மாள் துணி தைக்க என்ன செய்தாரோ!)

அப்படித் தேய்த்த இரண்டு கட்டைகளைக் குறுக்கே வைத்து அழுத்தித் திருகினால் ஒட்டிக்கொள்ளும். நாம் ரிங்கிங் என்று ரெக்கார்டில் எழுதுவோம். காந்தமும் இல்லை, பசையும் இல்லை. இரண்டு முகமும் அவ்வளவு நெருங்குவதால் மூலக்கூறுகளின் ஈர்ப்பும், இடையிலுள்ள மெல்லிய ஈரப் படலமும் பிடித்துக்கொள்கின்றன. நேராக இழுத்தால் லேசில் வராது, நகர்த்தித்தான் பிரிக்க வேண்டும்.

பேட்டன்ட் மட்டும் லேசில் கிடைக்கவில்லை. 1896-ல் தோன்றிய யோசனைக்குச் சொந்த நாட்டிலேயே காப்புரிமை கைக்கு வருவதற்குள் நூற்றாண்டே மாறிவிட்டது. அதன் எண் 17017. எனக்கு இதில் வருத்தம்தான். புதிதாக ஒரு மெஷின் செய்தால் எல்லாரும் பார்த்து வியப்பார்கள். சாதாரண கட்டைகளை இந்த வரிசையில் அடுக்கியதுதான் கண்டுபிடிப்பு என்று சொன்னால் யாருக்குப் புரியும்?

பிற்பாடு சொந்தக் கம்பெனி தொடங்கினார். சரக்கு உலகமெங்கும் போனது. அப்போதுதான் இன்னொரு சங்கடம். எஃகு சூட்டில் விரியும். 100 மி.மீ. கட்டை ஒரே ஒரு டிகிரிக்கு ஒரு மைக்ரானுக்கு மேல் நீளும். எந்த வெப்பநிலையில் அளவு சரி என்று சொல்லாவிட்டால் அளவுக்கே அர்த்தமில்லை. ஜோஹான்சன் 20 டிகிரி செல்சியஸை வைத்துக்கொண்டார். 1931-ல் அதுவே சர்வதேச விதியானது. என் விரல் சூடு அன்றைக்கு என்ன தப்பு செய்தது என்று இதைப் படித்த பிறகுதான் உறைத்தது.

அங்குலக் கதை இன்னும் வேடிக்கை. பிரிட்டிஷ் அங்குலம் 25.4 மி.மீ.-க்கு ஒரு துளி குறைவு, அமெரிக்க அங்குலம் ஒரு துளி அதிகம். ஜோஹான்சன் இரண்டுக்கும் நடுவே சரியாக 25.4 என்று வைத்துக் கட்டைகளைச் செய்து விற்றார். தொழிற்சாலைகள் அவர் கட்டையை வைத்தே அளந்ததால் நடைமுறையில் அதுவே அங்குலமாகிவிட்டது. பிரிட்டன் 1930-லும் அமெரிக்கா 1933-லும் தொழில்துறைக்கு அதை ஏற்றன. 1959-ல் நாடுகள் கூடி ஒப்புக்கொண்டன. அதைப் பார்க்க அவர் உயிருடன் இல்லை.

1923-ல் ஹென்றி ஃபோர்டு அழைக்க, மறுபடி அமெரிக்கா. 18 வயதில் மரமில்லுக்குப் போனவர் 59 வயதில் டியர்பார்ன் நகரின் ஃபோர்டு கம்பெனிக்குப் போனார். 1936 வரை அங்கே இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பினார். 1943 செப்டம்பர் 30-ல் காலமானார். ஸ்வீடனின் அரச பொறியியல் அகாடமி தந்த பெரிய தங்கப் பதக்கம் அவர் இறந்த பிறகே வந்தது.

அப்பாவிடம் பதில் சொல்லியாகிவிட்டது. மைக்ரோமீட்டரை ஸ்லிப் கேஜ் வைத்தும், ஸ்லிப் கேஜை ஒளி அலையை வைத்தும் சரிபார்ப்பார்கள் என்றேன். ஒளி அலையை யார் சரிபார்ப்பது என்கிறார் இப்போது! அதற்கு வேறு மலரில் எழுதுகிறேன். அதுவரை, ஜூனியர்களே, அடுத்த பிராக்டிக்கலில் எம்-112 செட் கிடைத்தால் எண்ணிப் பாருங்கள். 1.001 முதல் 1.009 வரை ஒன்பதையும், 1.0005 என்ற ஒற்றைக் கட்டையையும் தள்ளி வைத்தால், மீதி 102-ம் அந்த ரயிலில் போட்ட பட்டியல்தான்.