கல்வெட்டுச் செல்வர் ரைஸ்

இத்தாலி நாட்டுப் புளோரன்சு நகரில் பயிலும் மாணவர் காலையில் புகைவண்டி ஏறினால், பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தைக் கண்டு மாலைக்குள் விடுதி திரும்பிவிடலாம். பெங்களூரில் பயிலும் நமக்கும் அத்தகைய பேறு வாய்த்திருக்கிறது. விடியுமுன் புறப்பட்டால் பேலூரும் ஹளேபீடும், அல்லது தலைக்காடும் சோமநாதபுரமும் கண்டு இரவுக்குள் திரும்பலாம். ஆங்குள்ள சிற்பங்களின் அழகைக் கண் காண்கிறது. ஆனால் அவற்றைச் செய்வித்தவர் யார், எந்த ஆண்டில், எதன் பொருட்டு என்பவற்றைக் கல்வெட்டுக்களே நமக்கு உரைக்கின்றன. அக்கல்வெட்டுக்களை ஊர் ஊராய்த் தேடிப் படியெடுத்து உலகுக்கு வழங்கிய பெரியார் பெஞ்சமின் லூயிஸ் ரைஸ்.

ரைஸ் நம் பெங்களூரிலேயே 1837ஆம் ஆண்டில் பிறந்தவர். தந்தையார் பெஞ்சமின் ஹோல்ட் ரைஸ், இலண்டன் மிஷன் சங்கத்துப் பாதிரியார். மைந்தர் இங்கிலாந்தில் கல்வி கற்று, 1860இல் பிறந்த ஊருக்கே திரும்பினார். பின்னாளில் சென்ட்ரல் கல்லூரியாக வளர்ந்த பெங்களூர் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியரானார். அப்பால் பள்ளிகளின் கண்காணிப்பாளராகவும், கல்வித் துறையின் இயக்குநராகவும் உயர்ந்தார்.

அலுவல் நிமித்தம் அவர் குதிரையேறிச் சிற்றூர்தோறும் சென்றார். கோயிற் சுவரிலும், ஏரிக்கரையிலும், வயல் வரப்பிலும் எழுத்துப் பொறித்த கற்கள் படிப்பாரற்றுக் கிடந்தன. பள்ளியைப் பார்வையிடச் சென்றவரின் உள்ளத்தை அக்கற்கள் கவர்ந்துகொண்டன. மேஜர் டிக்சன் என்பார் எடுத்திருந்த கல்வெட்டு ஒளிப்படங்களை மொழிபெயர்க்கும் பணி அவரிடம் வந்தது. அதன் பயனாக 1879இல் மைசூர்க் கல்வெட்டுக்கள் பற்றிய அவரது முதல் தொகுப்பு வெளிவந்தது.

1885இல் மைசூர் அரசு தொல்பொருள் துறையைத் தொடங்கி, அதனை அவரிடம் ஒப்படைத்தது. முதலில் பிற அலுவல்களோடு சேர்த்தும், பிறகு முழு நேரமாகவும் அவர் அப்பணியை ஆற்றினார். 1886 முதல் 1905 வரை ‘எபிகிராபியா கர்நாடிகா’ என்னும் வரிசையில் 12 தொகுதிகள் வெளிவந்தன. அவற்றில் அடங்கியவை ஏறத்தாழ 9000 கல்வெட்டுக்கள்! ஒரு பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையை, சில பண்டிதர்களின் துணைகொண்டு அவர் முடித்தார். 1892இல் சித்திரதுர்க்க மாவட்டத்துப் பிரமகிரிப் பகுதியில் அசோகனின் கல்வெட்டுக்களைக் கண்டறிந்ததும் அவரே. மௌரியப் பேரரசு தெற்கே எவ்வளவு தொலைவு பரவியிருந்தது என்பது அதனால் விளங்கிற்று.

தமிழ் மாணவராகிய நாம் இவரை நினைப்பதற்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு. 1905இல் வெளிவந்த பெங்களூர், கோலார் மாவட்டத் தொகுதிகளைப் புரட்டினால் தமிழ்க் கல்வெட்டுக்கள் மிகுதியாக எதிர்ப்படும். தோமலூர்ச் சொக்கநாதர் கோயிலிலும், கோலாரம்மன் கோயிலிலும் தமிழ் எழுத்துக்களை இன்றும் காணலாம். பதினோராம் நூற்றாண்டில் சோழர் தலைக்காட்டுக்கு இராசராசபுரம் எனப் பெயரிட்டு ஆண்டனர். 1116ஆம் ஆண்டளவில் போசள மன்னன் விட்டுணுவர்த்தனன் அதனைக் கைப்பற்றினான். மறு ஆண்டில் பேலூர்ப் பெருங்கோயிலை எடுப்பித்தான். நம்மவர் வெற்றியையும் தோல்வியையும் ஒரே நேர்மையுடன் பதிப்பித்தவர் ரைஸ். கன்னடம், தமிழ், தெலுங்கு, வடமொழி என்ற வேற்றுமை அவரிடம் இல்லை. கல்லில் இருப்பது எதுவோ அதுவே அவருக்கு வேதம்.

1906இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்ற அவர், 1909இல் தம் ஆராய்ச்சியின் சாரத்தைப் ‘கல்வெட்டுக்கள் வழி மைசூரும் குடகும்’ எனப் பொருள்படும் தலைப்பில் நூலாக்கினார். 1927இல் ஹாரோ நகரில், தொண்ணூறை எட்டும் வயதில் மறைந்தார்.

அவர் படியெடுத்த கற்களுள் பல, பெங்களூர் வளர வளர மண்ணுள் புதைந்தன, உடைந்தும் போயின. அவற்றின் சொற்கள் இன்று அவர் ஏட்டில் மட்டுமே வாழ்கின்றன. எஞ்சியவற்றை முப்பரிமாண முறையில் படியெடுக்கும் நற்பணியை மிதிக் சொசைட்டி இக்காலத்தில் செய்துவருகிறது. அவற்றுள் தமிழ்க் கற்களும் உள. அவற்றைப் படிக்கவல்ல இளைஞர் வேண்டாமா?

நண்பர்களே, அடுத்த ஞாயிறன்று பேலூருக்குச் செல்லுமுன் ஒருமுறை தோமலூருக்குச் செல்லுங்கள். சுவரில் உள்ள ஒரு வரியையேனும் எழுத்துக் கூட்டிப் படியுங்கள். ரைஸ் பெருமகனாருக்கு நாம் செலுத்தத்தக்க வணக்கம் அதுவே.