ஹோமி பாபாவும் விண்கதிர்களும்

குரும்பை உதிர்கிறதென்று தென்னைக்குப் போராக்ஸ் இடுகிறீர்கள். அதிலுள்ள போரான் என்னும் மூலகம் எங்கே பிறந்தது தெரியுமா? இரும்பும் கரியும் பிராணவாயுவும் நட்சத்திரங்களின் உலையில் உண்டானவை. போரானையோ அந்த உலை விட்டுவைப்பதில்லை, எரித்துவிடும். அது பிறந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தவை விண்கதிர்கள்.

ஆகாயத்தின் தொலைதூரத்திலிருந்து ஓயாமல் பாய்ந்துவரும் அணுக்கருக்களே விண்கதிர்கள். 1912-இல் ஆஸ்திரிய நாட்டு விக்டர் ஹெஸ் பலூனில் ஏறிச்சென்று இவற்றைக் கண்டறிந்தார். நம் தேசத்தில் இந்த ஆராய்ச்சிக்கு நிலையான வீடு கட்டிக்கொடுத்தவர் ஹோமி பாபா.

1909-இல் பம்பாயில் ஒரு பார்ஸிக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். மகன் என்ஜினீயராகி ஜாம்ஷெட்பூர் இரும்பாலைக்குப் போகவேண்டுமென்று வீட்டார் ஆசைப்பட்டுக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். அவர் மனமோ பௌதிகத்தில். முதல் வகுப்பில் தேறினால் விரும்பியதைப் படிக்கலாமென்று தந்தை வாக்களித்தார், தேறிக்காட்டினார். (தந்தையும் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்!) 1937-இல் ஹைட்லர் என்பவருடன் சேர்ந்து, விண்கதிர்த் துகளொன்று காற்றில் மோதி மாரியாய்ப் பெருகுவது எப்படியென்று கணக்கிட்டுக் காட்டினார்.

1939-இல் விடுமுறைக்கு ஊர் வந்தார்; யுத்தம் மூண்டது; திரும்ப முடியவில்லை. பெங்களூரில் சர் சி. வி. ராமனின் துறையில் சேர்ந்தார். யுத்தம் முடிந்தபின் போயிருக்கலாம். போகவில்லை. 1945-இல் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். அமெரிக்காவில் அரசியல் சந்தேகத்தால் அலைக்கழிக்கப்பட்ட பெர்னார்ட் பீட்டர்ஸ் என்ற விஞ்ஞானியையும் அங்கே சேர்த்துக்கொண்டார். பாபா செய்த காரியங்களுள் இதை உயர்வாகச் சொல்லவேண்டும். விண்கதிர்களில் கனமான அணுக்கருக்களும் உண்டென்று 1948-இல் கண்டவர்களுள் பீட்டர்ஸ் ஒருவர். பலூன்களில் புகைப்படத் தகடுகளை மேலே அனுப்பி, அவற்றில் பதிந்த தடங்களைப் பம்பாயில் ஆராய்ந்தார்கள்.

பல நாடுகளிலும் நடந்த இத்தகைய உழைப்பால் போரானின் பிறப்பு விளங்கிற்று. பானை கல்லில் மோதினால் ஓடு சிதறுமல்லவா? விண்வெளியில் பறக்கும் கரிக் கருக்களும் பிராணவாயுக் கருக்களும் ஆங்காங்கே பரவிக்கிடக்கும் ஹைட்ரஜனில் மோதிச் சிதறுகின்றன. அந்த ஓடுகளே போரானும் பெரிலியமும். அதனால்தான் உலகில் அவை அவ்வளவு அரிது. விண்கதிர்களில் மட்டும் மிகுதி.

1966 ஜனவரி 24-இல் வியன்னாவுக்குச் செல்லும் வழியில், விமானம் மோன் பிளான் மலையில் மோதிப் பாபா மாண்டார். வயது 56. உடன் சென்ற 116 பேரும் பிழைக்கவில்லை.

விண்கதிர்கள் காற்றில் மோதும்போது நியூட்ரினோ என்னும் துகள்களும் பிறக்கின்றன. அவற்றைப் பிடிக்க, நம் பக்கத்துப் பொட்டிபுரத்து மலையில், ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாறைக்கடியில் ஆய்வுக்கூடம் அமைக்கப் பாபாவின் நிலையம் முன்னின்று திட்டமிட்டது. 2015-இல் மத்திய அரசு அனுமதித்தது. தண்ணீருக்கும் காட்டுக்கும் என்ன நேருமோ என்று ஊரார் அஞ்சி எதிர்த்தார்கள், வழக்கும் நடந்தது. மலை இன்னும் குடையப்படவில்லை.