நடந்து போன குடிசை

ஒரு குடிசை தானா நடந்து போச்சுன்னு சொன்னா நம்புவீங்களா? 1827-ல் சுவிட்சர்லாந்தின் உன்டரார் பனியாற்றின் மேல் ஹூகி என்ற ஆய்வாளர் ஒரு குடிசை போட்டார். 1839-ல் லூயி அகாசி போய்ப் பார்த்தப்போ, அது ஒரு கிலோமீட்டருக்கும் மேல் கீழே இறங்கியிருந்தது. தூக்கிட்டுப் போனது பனிக்கட்டி.

1807-ல் பிறந்த அகாசிக்கு மீன் ஃபாசில்தான் சப்ஜெக்ட். ஆனா ஒரு கேள்வி அவரையும் இழுத்தது. ஜூரா மலை சுண்ணாம்புப் பாறை. அதன் மேல் ஆல்ப்ஸ் மலையின் கிரானைட் பாறைகள் எப்படி வந்தன? பனியாறுதான் சுமந்து வந்ததுன்னு ஷார்பான்டியே என்ற நண்பர் சொன்னார். அகாசி நம்பல. தப்புன்னு காட்டலாம்னு 1836-ல் அவரோட மலையேறினார். பாறைத் தரையில் கீறல்கள், பனியின் ஓரத்திலும் முனையிலும் கரை கட்டின மாதிரி கல்மேடுகள். பனி இப்போ இல்லாத இடத்திலும் அதே தடயங்கள்! மனசை மாத்திக்கிட்டார். ஒரு காலத்தில் பனி பெரும் நிலப்பரப்பை மூடியிருந்ததுன்னு 1837-ல் மேடையில் அறிவித்தார். பெரியவங்க பலர் ஏத்துக்கல.

சரி, அளந்தே காட்டுவோம்னு இறங்கினார். உன்டரார் மேலேயே ஒரு பாறைக்கடியில் தங்கினார். குறுக்கே நேர்கோட்டில் கம்புகள் நட்டார். அடுத்த வருஷம் அந்தக் கோடு வளைந்திருந்தது: நடுவில் வேகம், ஓரத்தில் மெதுவு. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல நீங்க வரையற வெலாசிட்டி ப்ரொஃபைல் ஞாபகம் வருதா? ஓரத்துப் பாறையின் உராய்வு பனியைப் பிடித்து இழுக்கிறது. அடியில் சிக்கின கற்கள் அரம் மாதிரி தரையைத் தேய்க்கின்றன.

ஆனா இவரை முழு ஹீரோவா எடுத்துக்காதீங்க. 1840-ல் ஷார்பான்டியேவை முந்திக்கிட்டுப் புத்தகம் போட்டார், நட்பு கசந்தது. பிறகு அமெரிக்கா போய் ஹார்வர்டு பேராசிரியரானார். அங்கே டார்வினின் பரிணாமத்தைக் கடைசிவரை ஏற்கவில்லை. மனித இனங்கள் தனித்தனியா படைக்கப்பட்டவை, சமமில்லைன்னு எழுதினார். பனி விஷயத்தில் தன் கருத்தைத் தூக்கிப் போட்ட அதே மனுஷன்தான்!

1873-ல் இறந்தார். கல்லறை மேல் உன்டரார் பனியாற்றிலிருந்து கொண்டுவந்த பாறை நிற்கிறது. ஒரு தடவை மனசை மாத்திக்கிட்டா போதாது நண்பர்களே, அடுத்த தடவையும் மாத்தத் தெரியணும்.