எலைசா அக்னியூ அம்மையார்: காத்திருந்து வந்தவர்

எலைசா அக்னியூ அம்மையார் 1807 ஆம் ஆண்டு பெப்ரவரி 2 ஆம் திகதி நியூயோர்க் நகரில் பிறந்தார். எட்டு வயதில் ஒருநாள் பூமிசாஸ்திர வகுப்பில், சுவிசேஷம் எட்டாத தேசங்களை ஆசிரியர் தேசப்படத்தில் காட்டினார். வளர்ந்ததும் அப்படியொரு தேசத்துக்கு மிஷனரியாகப் போவதென்று அந்தச் சிறுமி அன்றே தீர்மானித்தாள். அப்போது அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் கால் பதித்திருக்கவில்லை. முதல் மிஷனரிமார் தெல்லிப்பழையில் குடியேறியது அடுத்த ஆண்டு, 1816 இல்தான்.

அந்தத் தீர்மானத்தோடு ஒரு நிபந்தனையும் இருந்தது. வீட்டாரைப் பராமரிக்கும் கடமை தடுக்காவிட்டால் மட்டுமே போவது என்பது அது. கடமை தடுக்கத்தான் செய்தது. ஏறத்தாழ முப்பது வயதுவரை அவர் வீட்டிலேயே இருந்தார். உலகமெங்கும் போகும்படி சொல்லும் அதே வேதாகமம், தகப்பனையும் தாயையும் கனம்பண்ணும்படியும் சொல்கிறது. ஒன்றைக் காட்டி மற்றதைத் தட்டிக்கழிக்க அவர் முயலவில்லை. நெருங்கிய உறவினர் இறந்த பின்னரே அவரது வழி திறந்தது. 1839 இல் கப்பலேறியபோது அவருக்கு வயது 32. சிறுமியின் தீர்மானத்துக்கும் கப்பல் பயணத்துக்கும் இடையே 24 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இதற்கிடையில் உடுவிலில் வேறொரு பெண்மணி அத்திவாரம் இட்டிருந்தார். 1819 இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டுவந்த ஹரியட் வின்ஸ்லோ அம்மையார், ஆசியாவின் முதலாவது பெண்கள் உறைவிடப் பாடசாலை எனக் கருதப்படும் நம் பாடசாலையை 1824 இல் ஆரம்பித்தார். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்ட காலம் அது. 1833 இல் அவர் இம்மண்ணிலேயே காலமானார். ஸ்போல்டிங் ஐயரும் அவர் துணைவியாரும் பாடசாலையைத் தாங்கி நடத்தினார்கள்.

1840 இன் தொடக்கத்தில் அக்னியூ அம்மையார் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மணமாகாத பெண்ணொருவர் தனியே கடல் கடந்து வந்து ஊழியம் செய்வது மிஷனுக்குள்ளேயே புதுமையாக இருந்தது. பருவம் வந்த பெண்ணைக் கன்னியாக வைத்திருக்க அஞ்சிய நம் ஊருக்கோ அது விளங்காத புதிர். 1842 இல் பாடசாலைப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. 1879 வரை அது அவரிடமே இருந்தது.

அவருடைய ஊழியத்தில் பெரும்பகுதி நாள்தோறும் செய்கிற சிறு வேலைகளே. விடியலில் பிள்ளைகளை எழுப்புவது, ஜெபம், வேதபாடம், வாசிப்பு, கணக்கு, தையல், காய்ச்சல் கண்ட பிள்ளையின் பாயருகே இராவிருப்பது. வாந்திபேதி குடாநாட்டை வாட்டிய ஆண்டுகள் அவர் காலத்திலும் வந்தன. சேலைனும் நுண்ணுயிர்க்கொல்லியும் இல்லாத அந்நாளில், ஊரார் நம்பி ஒப்படைத்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு விடுதி நடத்த எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை மருத்துவராகிய எனக்கு ஊகிக்க முடிகிறது.

1855 இல் அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழுவின் முடிவுகளையடுத்து வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. உடுவில் மூடப்படவில்லை. விடுமுறை வந்தால் அம்மையார் ஊர் ஊராகப் போய், மணமாகிப் போன தம் மாணவிகளின் படலைகளைத் தட்டினார். பரீட்சையோடு முடிந்துபோகிற உறவாக அவர் அதை எண்ணவில்லை. தாயும் மகளும் பேத்தியுமாக மூன்று தலைமுறைகள் அவரிடம் படித்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அவர் கையால் உருவானார்கள். அவர்களில் 600 க்கு மேற்பட்டோர் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார்கள். ஆசிரியைகளாகவும் போதகர்களின் துணைவியராகவும் அவர்கள் குடாநாடெங்கும் பரந்தார்கள். பிள்ளை பெறாத அவரை மக்கள் ஆயிரம் புத்திரிகளின் தாய் என்று அழைத்தார்கள்.

அந்தக் கால மிஷன் வழக்கங்கள் யாவும் இன்று நமக்கு உவப்பானவை அல்ல. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அமெரிக்க நன்கொடையாளரின் பெயர்களைச் சூட்டியது அவற்றில் ஒன்று. ஆயினும் நம் பூட்டியரின் கையில் ஏடும் எழுத்தும் வந்த வழி இதுதான் என்பதை மறுக்க முடியாது.

வந்த நாள் முதல் அவர் ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பவில்லை. ஓய்வின் பின் பக்கத்து ஊரான மானிப்பாயில் தங்கினார். 1883 ஜூன் மாதத்தில், 76 ஆவது வயதில், 43 ஆண்டுகள் வாழ்ந்த இந்த மண்ணிலேயே கண் மூடினார்.

அவரது தைரியத்தைப் பேசுவோர் வழமையாகக் கப்பல் பயணத்தையே பேசுவார்கள். அந்த 24 ஆண்டுகளைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். அவை வீணான ஆண்டுகள் அல்ல. ஆயிரம் பேருக்குத் தாயாவதற்கு முன், ஒரு வீட்டுக்கு மகளாக இருந்து கீழ்ப்படியக் கற்றார். இருக்க வேண்டிய வேளையில் இருந்ததும், போக வேண்டிய வேளையில் போனதும், போன இடத்தில் நிலைத்ததும் ஒரே கீழ்ப்படிவுதான். வேதம் சொல்வதைச் செய்வதென்று ஒருமுறை தீர்மானித்துவிட்டதால், ஒவ்வொரு முறையும் புதிதாகத் தைரியத்தைத் தேட வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

பழைய மாணவிகளாகிய நம்மில் பலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருக்கிறோம். இன்னும் பலர் படுக்கையில் கிடக்கும் தாய் தகப்பனுக்காக ஊரிலேயே இருந்துவிட்டோம். சபையிலோ சங்கத்திலோ பொறுப்பெடுக்க அழைப்பு வரும்போது, போனவர்கள் தாம் விட்டுப்போனவர்கள் என்று கூசிப் பின்வாங்குகிறோம். இருந்தவர்கள் தாம் எதையும் சாதிக்காதவர்கள் என்று பின்வாங்குகிறோம். அம்மையாரின் வாழ்க்கை இரு சாராருக்கும் இடம் வைத்திருக்கிறது. முதல் முப்பது ஆண்டுகள் வீட்டில் இருந்தவரும் அவரே. பிறகு அத்தனை தூரம் கடந்து வந்தவரும் அவரே.