படம் போட்டு மொழி சொன்ன அகதி

எலெக்டிவ்ல ஜெர்மனோ ஜப்பானீஸோ எடுத்திருக்கீங்களா? அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் திறந்து பாருங்க. மேலே ஒரு படம், படத்தில் இருக்கிற பொருளுக்கெல்லாம் 1, 2, 3 என்று எண், கீழே அந்தந்த எண்ணுக்கு உரிய சொல். இந்த முறையைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோனவர் யான் ஆமோஸ் கொமேனியஸ்.

1592-ல் மொராவியாவில், அதாவது இன்றைய செக் குடியரசின் கிழக்குப் பக்கத்தில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா, அம்மா இரண்டு பேரும் இறந்துட்டாங்க. லத்தீன் பள்ளியில் சேரும்போது அவருக்கு 16 வயசு. அந்தக் காலத்தில் லத்தீன் என்றால் இலக்கண விதிகளைப் புரியாமலே மனப்பாடம் பண்ணணும், தப்பினால் பிரம்படி. நம்ம ஆளுக்கு அது பிடிக்கவே இல்லை.

பிறகு புராட்டஸ்டண்ட் பிரிவு ஒன்றில் பாதிரியார் ஆனார். முப்பதாண்டுப் போர் வந்தது. 1620-ல் அவர் தரப்பு தோற்றதும் தலைமறைவு வாழ்க்கை. 1622-ல் பிளேக் நோய் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் கொண்டுபோயிடுச்சு. 1628-ல் போலந்தில் இருக்கும் லெஷ்னோ ஊருக்கு அகதியாகப் போனவர், சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை.

லெஷ்னோவில் வாத்தியார் வேலை. 1631-ல் ஒரு லத்தீன் பாடநூல் போட்டார்: சுமார் 8000 சொற்கள், 1000 வாக்கியங்களுக்குள். நெருப்பு, பயிர், கைத்தொழில் என்று உலகத்தைச் சொல்லிக்கொண்டே மொழியையும் சொல்லித் தரும் புத்தகம். ஐரோப்பா முழுக்கப் பரவியது. இங்கிலாந்து கூப்பிட்டது, ஸ்வீடன் பாடநூல் எழுதச் சொன்னது.

1650-ல் ஹங்கேரியில் ஷாரோஷ்பட்டாக் பள்ளிக்குப் போனார். அங்கே பசங்களுக்கு அந்த நூலே கடினமாக இருந்தது. பொருளைக் கண்ணால் பார்க்காமல் சொல் மட்டும் எப்படி மண்டையில் ஏறும்? அதனால் படப்புத்தகம் எழுதினார். ஆனால் படம் செதுக்க அந்த ஊரில் ஆள் கிடைக்கலை.

லெஷ்னோவுக்குத் திரும்பினார். 1656-ல் போரில் ஊரே எரிந்தது. மாணவனாக இருந்தபோது தொடங்கி 40 வருஷத்துக்கு மேல் சேர்த்த செக்–லத்தீன் அகராதியின் கையெழுத்துப் பிரதி அதோடு சாம்பல். பேக்அப் எல்லாம் ஏது? அவரோட தாய்மொழிக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று, தமிழில் பழைய ஓலைச்சுவடிகள் போன கதை தெரிந்த உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மிச்ச வாழ்க்கை ஆம்ஸ்டர்டாமில். அந்தப் படப்புத்தகம் 1658-ல் நியூரம்பெர்க்கில் அச்சானது. பெயர் 'ஓர்பிஸ் பிக்டுஸ்'. 150 பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் படம், லத்தீனும் ஜெர்மனும் பக்கத்தில் பக்கத்தில். எழுத்து அறிமுகமே காக்கா கத்துற சத்தத்தில்தான் ஆரம்பம்! தச்சர் பட்டறை, சமையலறை, கப்பல் எல்லாம் உண்டு. மற்ற மதங்களுக்கும் பாடம் வைத்திருக்கிறார். நடுநிலையா இருக்கும்னு மட்டும் எதிர்பார்க்காதீங்க, ஒரு பாதிரியாரோட காலத்துப் பாரபட்சம் அதில் அப்படியே இருக்கு. அடுத்த வருஷமே ஆங்கிலப் பதிப்பு வந்தது.

1670-ல் இறந்தார். நெதர்லாந்தின் நார்டன் ஊரில் அடக்கம் செய்தார்கள். அவர் திரும்பிப் போக முடியாத நாட்டில் இன்று 200 கொருனா நோட்டில் அவர் முகம்தான். அவர் பிறந்த மார்ச் 28 அங்கே ஆசிரியர் தினம்.