புனேயில் புதுமைப்பித்தன்

நம்மில் பலரும் லா காலேஜ் ரோடு வழியாக எத்தனையோ முறை போய் வந்திருப்போம். அங்கே உள்ள திரைப்படக் கல்லூரியின் இடம் முன்பு பிரபாத் ஸ்டுடியோவாக இருந்தது. தமிழ்ச் சிறுகதையின் பிதாமகர்களில் ஒருவரான புதுமைப்பித்தன் தம் கடைசி உழைப்பைக் கொட்டியது அந்த வளாகத்தில்தான் என்பது நம் அங்கத்தினர்களில் பலருக்குத் தெரியாத செய்தியாக இருக்கலாம்.

இயற்பெயர் சொ. விருத்தாசலம். 1906 ஏப்ரல் 25 அன்று திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். தாசில்தாராக இருந்த தந்தையின் பூர்வீகம் திருநெல்வேலி. அங்கே இந்துக் கல்லூரியில் பி.ஏ. முடித்தவர், அரசாங்க உத்தியோகம் தேடாமல் பேனாவை நம்பிச் சென்னைக்கு ரயிலேறினார்.

1933-ல் தொடங்கிய 'மணிக்கொடி' அவருக்குக் களமாயிற்று. 1935 முதல் பி.எஸ். ராமையா அதைச் சிறுகதைப் பத்திரிகையாக நடத்தினார். ந. பிச்சமூர்த்தி, கு.ப.ரா., மௌனி, சி.சு. செல்லப்பா என்று ஒரு பெரிய கோஷ்டியே அதில் எழுதியது. விற்பனை சொற்பம், சன்மானத்தை நம்பி அடுப்பு மூட்ட முடியாது. ஆனாலும் ஒருவர் கதையை மற்றவர் படித்து, சண்டை போட்டு, மேலும் நன்றாக எழுதினார்கள். பத்திரிகை சில வருஷங்களில் நின்றுபோனது, கதைகள் நின்றுவிட்டன.

வயிற்றுப்பாட்டுக்காக 'தினமணி'யில் உதவியாசிரியர் வேலை பார்த்தார். 1943-ல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் விலகியபோது இவரும் விலகினார். சம்பளத்தை விடக் கூட்டாளிகள் பெரிதாகத் தெரிந்தார்கள். அதே வருஷம்தான் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' வெளிவந்தது. பிறகு சினிமா. சொந்தப் படக் கம்பெனி முயற்சி கைகூடவில்லை. அப்போதுதான் எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி'க்கு வசனம் எழுதப் புனேக்கு வந்தார்.

மனைவி கமலாவும் சின்னஞ்சிறு மகளும் திருவனந்தபுரத்தில். இவர் இங்கே தனியாக. வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய கவலை ஒருபுறம், உடம்பை அரித்த காசநோய் மறுபுறம். நோய் முற்றித் திருவனந்தபுரம் திரும்பியவர், 1948 ஜூன் 30 அன்று காலமானார். வயது 42. படம் வெளியானதை அவர் பார்க்கவில்லை.

மனைவிக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூலாக வந்தன. 2002-ல் தமிழக அரசு அவர் எழுத்துக்களை நாட்டுடைமை ஆக்கியது. வாழ்ந்தபோது கிடைக்காத ஆதரவு, அரை நூற்றாண்டுக்குப் பின் வந்து சேர்ந்தது.

இன்றும் சிறு பத்திரிகைகள் கைக்காசைப் போட்டுத்தான் நடக்கின்றன. அவற்றில் ஒன்றுக்காவது சந்தா கட்டுவது, அந்த மனிதருக்கு நாம் காலம் தாழ்ந்து செய்யும் மரியாதையாக இருக்கும். அடுத்த முறை அந்தச் சாலையில் போகும்போது, வாசலில் ஒரு நிமிஷம் நின்று அவரை நினைத்துக்கொள்வோம்.